சிம்ஷியன் மக்களின் அயாவ்க் சட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் பூர்வகுடிகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் சிம்ஷியன் சட்டம் குறித்து ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். முதல் நான்கைந்து கேள்விகளை வரிசையாகப் படித்துவிட்டால் பின்னால் வருபவை எளிதில் பிடிபடும்.

சிம்ஷியன் என்பவர்கள் யார்? எங்கே இருக்கிறார்கள்?

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வடமேற்குக் கரையில், ஸ்கீனா ஆறு கடலில் கலக்கும் பகுதியைச் சேர்ந்தவர்கள். 'ஸ்கீனாவுக்குள் இருப்பவர்கள்' என்பதுதான் பெயரின் பொருள். பிரின்ஸ் ரூபர்ட் நகருக்கு அருகே லாக்ஸ் குவாலாம்ஸ், மெட்லகட்லா; ஆற்றில் மேலே டெரஸ் நகரையொட்டி கிட்செலாஸ், கிட்சம்கேலம்; தெற்கே தீவுகளும் கடற்கழிகளும் உள்ள பகுதியில் கிட்கட்லா, ஹார்ட்லி பே, கிளெம்டு. இவை தவிர, 1887-ல் பிரிந்து போனவர்கள் அலாஸ்காவின் அனெட் தீவில் அமைத்த புதிய மெட்லகட்லாவும் உண்டு. கரையோர ஊர்களின் மொழி ஸ்மால்கியாக். நாஸ் ஆற்று நிஸ்கா மக்களும் மேல் ஸ்கீனாவின் கிட்க்சன் மக்களும் மொழியாலும் சட்டத்தாலும் நெருங்கிய உறவினர்கள்.

அயாவ்க் என்பது சட்டமா, சம்பிரதாயமா? எழுதியே வைக்காததை எப்படிச் சட்டம் என்பது?

சட்டம்தான். யாருக்கு எந்த உரிமை, அந்த உரிமை எப்படிக் கைமாறும், மீறினால் என்ன ஈடு, எது செல்லும் எது செல்லாது என்று எல்லாவற்றுக்கும் அதில் விதி இருக்கிறது. மீறியவரின் சொல் சபையில் எடுபடாது. அவர் வாங்கிய பெயரை யாரும் சொல்லி அழைக்க மாட்டார்கள். பழக்கவழக்கம் என்ற சொல்லுக்குள் இதை அடைக்க முடியாது.

அயாவ்க்குடன் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு சொல் அதாவ்க். ஒரு வம்சம் எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் எதைச் சந்தித்தது, எப்படி அந்த நிலமும் சின்னமும் பாட்டும் அதற்குச் சொந்தமாயின என்று சொல்லும் வரலாறு அது. கதை என்று மொழிபெயர்ப்பது தவறு. பொழுதுபோக்குக் கதைகள் அவர்களிடம் தனியாக இருக்கின்றன. அவற்றை யாரும் சொல்லலாம். அதாவ்க்கைச் சொல்ல உரிமை வேண்டும், சொல்வதில் பிசகும் கூடாது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் அயாவ்க் விதி, அதாவ்க் மூலப்பத்திரம்.

எழுத்தில் இல்லாவிட்டாலும் பதிவு இருக்கிறது. அதைச் செய்வது விருந்து.

குலம், வீடு, ஊர் என்று மாற்றி மாற்றிச் சொல்கிறார்களே, எது எதற்குள் அடக்கம்?

குலங்கள் நான்கு: கன்ஹாதா என்னும் அண்டங்காக்கை, கிஸ்புத்வாதா என்னும் திமிங்கிலவேட்டையன் (கறுப்பும் வெள்ளையுமான பெரிய கடல்வேட்டை விலங்கு), லாக்ஸ்கீக் என்னும் கழுகு, லாக்கிபூ என்னும் ஓநாய். இவை ஊர் எல்லை தாண்டியவை. கிட்கட்லாவின் ஓநாய்க்காரரும் லாக்ஸ் குவாலாம்ஸின் ஓநாய்க்காரரும் ஒருவருக்கொருவர் சகோதரர்கள்.

குலம் நிலத்தை வைத்துக்கொள்வதில்லை. வைத்திருப்பது 'வாப்', அதாவது வீடு. அந்தக் காலத்தில் தேவதாருப் பலகையால் கட்டிய பெரிய வீட்டில் சேர்ந்து வாழ்ந்த ஒரு தாய்வழிக் கூட்டம் அது. கட்டடம் போன பிறகும் 'வீடு' என்ற அமைப்பு அப்படியே இருக்கிறது. பெயர்கள், சின்னங்கள், பாட்டுகள், அதாவ்க், ஆற்றுத்துறைகள், வேட்டைக்காடு எல்லாம் வீட்டின் சொத்து. வீட்டுக்குத் தலைமை தாங்குபவர் ஸ்மோகியட், 'மெய்யான மனிதர்' என்று பொருள். பல குலங்களைச் சேர்ந்த பல வீடுகள் சேர்ந்தது ஊர். அவற்றில் முதல் வரிசை வீட்டின் தலைவரே ஊர்த்தலைவர். ஆனாலும் அவர் மற்ற வீட்டு நிலத்தில் கைவைக்க முடியாது. இந்த ஒன்றைத் தவறாகப் பிடித்தால் பின்னால் எல்லாமே தவறும்.

ஓநாய்க் குலத்தார் ஓநாயைக் கும்பிடுவார்களா?

இல்லை. சின்னம் என்பது முன்னோர் ஒருவருக்கு ஒரு சந்திப்பில் கிடைத்த உரிமை. அதைக் கம்பத்தில் செதுக்கலாம், அங்கியில் தைக்கலாம். தெய்வம் அல்ல.

பிள்ளை எந்தக் குலம்? அப்பாவுக்கு ஒன்றுமே கிடையாதா?

பிள்ளை எப்போதும் தாயின் குலம், தாயின் வீடு. தகப்பன் யாராக இருந்தாலும் இது மாறாது. நல்ல உதாரணம் வில்லியம் பெய்னன் (1888–1958). தகப்பனார் வேல்ஸ்காரர், தாய் ஓநாய்க் குலம். ஆகவே அவரும் ஓநாய்க் குலம். தாய்மாமனுக்குப் பின் கிட்லான் என்ற சிம்ஷியன் பிரிவின் ஓநாய் வீட்டுத் தலைமைப் பெயரை ஏற்றார். தம் மக்களின் அதாவ்க்குகளைப் பல்லாண்டு கேட்டு எழுதி வைத்தவரும் அவர்தான்.

அப்பா வழிக்கு உரிமை குறைவு, கடமை அதிகம். பிள்ளைக்குத் தொட்டில் முதல் கல்லறை வரை பெரிய காரியங்களில் கை கொடுப்பது தந்தையின் குலத்தார். சாவு வீட்டில் இது துலக்கமாகத் தெரியும். இறந்தவரின் சொந்த வீட்டார் துக்கத்தில் இருப்பவர்கள், அவர்கள் சடலத்தைத் தொட்டு வேலை செய்வதில்லை. குளிப்பாட்டுவது, பெட்டி செய்வது, குழி வெட்டுவது, இரவில் விழித்திருப்பது எல்லாம் தந்தைவழியார் பொறுப்பு. யார் என்ன செய்தார் என்று கணக்கு வைத்து, பின்னால் விருந்தில் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லிக் கொடுத்துத் தீர்ப்பார்கள். இலவசமாக விடுவது இழிவு.

அப்படியானால் தலைவரின் மகனுக்குப் பதவி கிடையாதா?

கிடையாது. மகன் வேறு குலம், வேறு வீடு. தலைவரின் தம்பிக்கோ, சகோதரியின் மகனுக்கோதான் பெயர் போகும். நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழியை அறிந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். உயர்ந்த வீடுகளில் மருமகன் தாய்மாமன் மகளை மணப்பதை விரும்பினார்கள் என்பதும் நமக்கு அந்நியமான ஏற்பாடு அல்ல. சிறுவன் வயது வந்ததும் மாமன் வீட்டுக்குப் போய் அங்கே வளர்வான்; அதாவ்க்கும் நில எல்லையும் அங்கேதான் மனப்பாடமாகும்.

பிறந்த வரிசை மட்டும் போதாது. யார் பொருத்தம் என்று முதலில் பேசுபவர்கள் வீட்டின் மூத்த பெண்கள். வம்ச வழியை நினைவில் வைத்திருப்பவர்கள் அவர்கள். அவர்கள் தலையாட்டாமல் காரியம் நகராது. தகுந்த ஆண் இல்லாதபோது பெண்ணே தலைமைப் பெயரைத் தாங்கியதும் உண்டு. கோபக்காரர், கைமுடை உள்ளவர், வீட்டாரைக் கூட்ட முடியாதவர் என்று ஒருவரை ஒதுக்கிவிட்டு அடுத்தவரிடம் போவார்கள். முந்திப் பிறந்தது மட்டுமே உரிமை என்று நினைத்துக்கொண்டு ஒருவர் தனியாகப் பெயரை எடுத்துக்கொண்டால், விருந்துக்குப் பங்கு போட ஆள் இருக்காது. பங்கு இல்லாமல் விருந்து இல்லை, விருந்து இல்லாமல் பெயரும் இல்லை.

'பெயர்தான் நிலத்தை வைத்திருக்கிறது' என்கிறார்களே, புரியவில்லை.

நம் வழக்கில் ஆளுக்குச் சொத்து, ஆளுக்குப் பெயர். அங்கே பெயருக்குச் சொத்து. ஆள் அந்தப் பெயரைச் சில காலம் தாங்குகிறார். கோட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கழற்றினால் இன்னொருவர் அணிவார். பையில் இருப்பதெல்லாம் கோட்டோடுதான் போகும்.

லிகேக் என்பது கிஸ்பக்லோட்ஸ் என்ற சிம்ஷியன் பிரிவின் கழுகுக் குலத் தலைமைப் பெயர். மேல் ஸ்கீனா வணிகம் அந்தப் பெயரின் கையில் இருந்தது. 1830-களில், தோல் வணிகம் செய்த ஹட்சன் பே கம்பெனியின் மருத்துவருக்கு மகளை மணம் செய்து கொடுத்த லிகேக் ஒருவர். 1860-களில் கிறிஸ்தவத்தில் சேர்ந்து பால் என்று ஞானஸ்நானம் பெற்ற லிகேக் வேறொருவர். பழைய ஆவணங்களைப் படிப்பவர்கள் இருவரையும் ஒருவராக்கிக் குழம்புவது வழக்கம். ஆண்டைப் பார்த்து, எந்த லிகேக் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதில் இன்னொரு விளைவும் இருக்கிறது. பெயரைத் தாங்குபவர் நிலத்தை விற்க முடியாது. அது அவருக்கு முன்னிருந்தவர்களுக்கும் பின்வருபவர்களுக்கும் உரியது.

விருந்தில் உண்மையில் என்ன நடக்கிறது? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

ஒரு தலைவர் இறந்து, அவர் பெயர் அடுத்தவருக்கு ஏறும் விருந்தை எடுத்துக்கொள்வோம். வீட்டார் முதலில் தங்களுக்குள் கூடி வாரிசை முடிவு செய்கிறார்கள். அதே குலத்தின் மற்ற வீடுகளோடும் பேசி முடிக்கிறார்கள். பொருள் சேர்க்க மாதங்கள் ஆகும். பிறகு மற்றக் குலத் தலைவர்களுக்கு முறைப்படி அழைப்பு. அழைக்கும்போது ஆளின் கிறிஸ்தவப் பெயரை அல்ல, அவர் தாங்கும் பெயரைச் சொல்லியே அழைக்க வேண்டும்.

விருந்தன்று ஒவ்வொரு தலைவரும் வாசலில் பெயர் சொல்லி அறிவிக்கப்பட்டு, அவர் பெயருக்குரிய இருக்கைக்கு அழைத்துப் போகப்படுகிறார். அந்த இருக்கை வரிசையே ஒரு பதிவேடு: யாருக்குப் பக்கத்தில் யார் என்பதைப் பார்த்து எல்லாருடைய படிநிலையையும் சொல்லிவிடலாம். இடம் மாற்றி உட்காரவைத்துவிட்டால் அது அவமதிப்பு. விருந்தளிப்பவர் அங்கேயே எழுந்து பொருள் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். விருந்தளிக்கும் குலத்தார் பரிமாறுவார்கள். உட்கார்ந்து சாப்பிடுபவர்கள் விருந்தினர். சாப்பாட்டுக்குப் பின் அதாவ்க் சொல்லப்படும், வீட்டின் துக்கப்பாட்டு பாடப்படும், சின்னங்கள் காட்டப்படும்.

அடுத்து பணம். வீட்டாரும் அதே குலத்தாரும் ஒவ்வொருவராக வந்து பங்கு போடுவார்கள். பெயரையும் தொகையையும் ஒருவர் உரக்கச் சொல்வார், ஒருவர் எழுதிக்கொள்வார். நம் வீட்டு விசேஷத்தில் மொய் எழுதுகிற காட்சிதான், ஆனால் திசை நேர் எதிர்: போடுபவர்கள் விருந்தளிப்பவரின் ஆட்கள், வாங்கிப் போகப்போகிறவர்கள் விருந்தினர். கூட்டி முடித்ததும் முதலில் சாவு வேலை செய்த தந்தைவழியாருக்குக் கூலி, பின்னர் மற்றக் கடன்கள், கடைசியில் விருந்தினர் அனைவருக்கும் அவரவர் நிலைக்கேற்பப் பரிசு. அந்தக் காலத்தில் தோலும் கம்பளியும் செப்புத் தகடும். இன்று ரொக்கம், போர்வை, துண்டு, பாத்திரம், மூட்டை மூட்டையாக மளிகை.

இதற்கிடையே புதியவருக்குப் பெயர் சூட்டப்படும். மற்றக் குலத் தலைவர்கள் அவரை அந்தப் பெயரால் அழைத்து, தாங்கள் கண்டதையும் கேட்டதையும் எழுந்து சொல்வார்கள். அதோடு சட்டப்படி காரியம் முடிந்தது. கல்லறைக் கல் வைப்பதும் பெரும்பாலும் இதே விருந்தில்தான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நினைவுக் கம்பத்தின் இடத்தைக் கல் பிடித்தது. அதனால் அங்குள்ள பழைய கல்லறைக் கற்களில் குலச்சின்னங்களைப் பார்க்கலாம்.

பணம் வாங்கிக்கொண்டவர் சொல்வது எப்படிச் சாட்சி ஆகும்? நம் ஊரில் அதை வேறு மாதிரி அல்லவா சொல்வார்கள்!

கேட்க வேண்டிய கேள்விதான். இரகசியமாகக் கொடுத்தால் லஞ்சம். இங்கே நூற்றுக்கணக்கானோர் முன்னால், தொகையை உரக்கச் சொல்லி, வந்த ஒவ்வொருவருக்கும் கொடுக்கிறார்கள். தீர்ப்பை வாங்குவதற்காகக் கொடுப்பதல்ல அது. கேட்டதை நினைவில் வைத்திருக்கும் பொறுப்புக்கான கூலி. நாம் பத்திரப்பதிவுக்குக் கட்டணம் கட்டுவதைப் போல.

தவிர, சாட்சிகள் எதிர்ப்பக்கத்துக்காரர்கள். மற்றக் குலத்தார், எல்லையில் நிலம் உள்ளவர்கள், தங்கள் அதாவ்க்கில் இதே இடத்தைப் பற்றி வேறு செய்தி வைத்திருப்பவர்கள். சொல்லப்பட்டதில் பிழை இருந்தால் அவர்கள் நிலம்தான் போகும். ஆகவே மறுப்பு இருந்தால் அங்கேயே சொல்லியாக வேண்டும், அல்லது பரிசை ஏற்க மறுக்க வேண்டும். பரிசை வாங்கிப் போய்விட்டுப் பிறகு 'எனக்குச் சம்மதமில்லை' என்றால் எடுபடாது.

எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் தலைவர் ஓட்டாண்டி ஆகிவிட மாட்டாரா?

தலைவர் தனியாகக் கொடுப்பதில்லை, மேலே பார்த்தபடி வீடே சேர்ந்து கொடுக்கிறது. இன்று வாங்கும் வீடு நாளை கொடுக்கும் வீடு. ஒரு பருவத்தில் ஒரு ஆற்றில் மீன் குறைந்து இன்னொன்றில் நிறைந்தால், விருந்துகள் வழியே பொருள் ஊர்களுக்கிடையே ஓடும். குவித்து வைத்திருப்பவருக்கு அங்கே மரியாதை இல்லை.

ஒரு வீட்டு நிலத்தில் வேறு யாரும் மீன் பிடிக்கவே கூடாதா?

பிடிக்கலாம், கேட்டுப் பிடிக்க வேண்டும். கணவன் அல்லது மனைவியின் வீட்டு நிலத்தைத் திருமணம் இருக்கும்வரை பயன்படுத்தலாம். தந்தையின் நிலத்தில் அவரோடு போகலாம். அண்டை மக்களான கிட்க்சனிடம் இது தெளிவாக இருக்கிறது: அப்பா உயிரோடு இருக்கும்வரை அனுமதி, அவர் போன பின் மீண்டும் கேட்க வேண்டும். பயன்படுத்துவது உரிமையாக மாறாது. எத்தனை வருடம் வலை வீசினாலும் அந்தத் துறை உங்களுடையது ஆகாது.

கட்டுப்பாடு யார் பிடிப்பது என்பதோடு நிற்பதில்லை. எப்போது, எப்படி என்பதும் அதில் அடங்கும். குளிர்காலம் முடியும் தறுவாயில் நாஸ் ஆற்றுக்கு யூலகான் என்ற சாண்நீளக் கொழுப்பு மீன் ஏறி வரும். சிம்ஷியன் மக்கள் ஒவ்வொரு பிரிவினரும் தத்தமக்குரிய முகாமில் இறங்குவார்கள். பிடித்த மீனைக் குழியிலோ பெட்டியிலோ ஒரு வாரத்துக்கு மேல் ஊறவிட்டு, சூடான நீரில் போட்டு, மேலே மிதக்கும் நெய்யை வழித்தெடுப்பார்கள். ஊறல் குறைந்தால் நெய் பிரியாது, கூடினால் நாற்றம் ஏறிவிடும். உள்நாட்டுக்குப் போன வணிகப் பாதைகளுக்கே 'நெய்த்தடம்' என்று பெயர் வந்தது இதனால்தான்.

ஹார்ட்லி பே மக்கள் மே மாதத்தில் பிரின்சஸ் ராயல் தீவின் கியெல் முகாமில் கடற்பாசி எடுக்கிறார்கள். பாறையிலிருந்து அடியோடு பிடுங்காமல் இலையை மட்டும் இழுத்தெடுத்தால் மறுபடி தளிர்க்கும். வெயில் உறுதியாகத் தெரியாமல் எடுக்கக் கூடாது. பாறையில் காயும்போது மழை பட்டால் அத்தனையும் வீண். வீணடிப்பது அயாவ்க்கில் குற்றம். எப்போது தொடங்கலாம் என்பதை அனுபவமுள்ள மூத்த பெண்கள் சொல்வதும் அதிகாரம்தான். ஆட்சி என்றாலே மண்டபமும் நாற்காலியும் என்று நினைக்க வேண்டாம்.

போலீஸ், சிறை இல்லாமல் குற்றத்துக்கு என்ன செய்தார்கள்?

குற்றம் ஆளோடு நிற்காமல் வீட்டோடு சேரும். கொலை நடந்தால் கொன்றவரின் வீடு இறந்தவரின் வீட்டுக்கு ஈடு கட்ட வேண்டும். ஈடு பெரியதானால் நிலமே, பெயரே கைமாறும். பேச்சு படியவில்லை என்றால் பழிவாங்கலும் போரும் வந்தன, அதை மறைப்பதற்கில்லை. போரில் பிடிபட்டவர்கள் அடிமைகளாயினர் என்பதும் அந்தச் சமூகத்தின் வரலாறு. சமாதானம் முடிந்ததற்கு அடையாளம் கழுகின் மென்தூவி. தூவி பறந்து விழுந்த இடத்தில் சண்டை எடுக்கக் கூடாது. தலைவர்கள் நடனமாடும்போது தலையணியில் வைத்த தூவி எல்லார்மீதும் இறங்கும். மேலே விழுந்தவர் அந்த அமைதிக்குக் கட்டுப்பட்டவர்.

சிறிய காரியங்களுக்கும் ஒரு முறை இருக்கிறது. பெயர் தாங்கியவர் எல்லார் முன்னும் கால் இடறி விழுந்தாலோ, படகு கவிழ்ந்தாலோ, அவமானம் பெயரில் ஒட்டும். கூட்டிப் பொருள் கொடுத்துக் கழுவினால் அதற்குப் பிறகு யாரும் அதைப் பேசக் கூடாது. பேசினால் பேசியவர் கொடுக்க வேண்டியவராவார்.

ஒரே குலத்துக்குள் காதலித்தால்?

அண்ணன் தங்கை உறவாகவே எண்ணப்படும், இருவரும் வேறு வேறு ஊராக இருந்தாலும். நடைமுறைச் சிக்கலும் உண்டு: கணவனும் மனைவியும் ஒரே குலமானால் பிள்ளைக்குத் தந்தைவழியார் இல்லாமல் போகிறார்கள். சாவு வேலையை யார் செய்வது, யாருக்குக் கூலி? சட்டத்தின் சக்கரமே நின்றுவிடும். இன்று அப்படி நடந்தால் சில குடும்பங்கள் ஒருவரை வேறு குலத்தில் முறைப்படி தத்தெடுக்க வைத்துச் சரிசெய்கின்றன.

வீட்டில் பெண் வாரிசே இல்லாமல் போனால் அந்த வீடு முடிந்ததா?

உடனே முடியாது. அதே குலத்தில் நெருங்கிய வீட்டிலிருந்து ஒரு பெண்ணைத் தத்தெடுப்பார்கள். அவள் பிள்ளைகள் வம்சத்தைத் தொடர்வார்கள். தத்து விருந்தில் அறிவிக்கப்பட்டு ஈடு கொடுக்கப்பட வேண்டும். அதுவும் முடியாவிட்டால் உறவு வீடு அந்தப் பெயர்களையும் நிலத்தையும் பாதுகாத்து வைக்கும். பெரியம்மை போன்ற கொள்ளைநோய்கள் பல வீடுகளை ஒரே தலைமுறையில் காலி செய்தபோது இந்த ஏற்பாடு பெருமளவு பயன்பட்டது. இன்றைய தகராறுகள் சிலவற்றின் வேரும் இங்கேதான்: பாதுகாக்கக் கொடுத்ததா, சேர்த்துக்கொண்டதா?

விருந்தையே அரசு தடை செய்ததே, பிறகு எப்படிச் சட்டம் பிழைத்தது?

1884-ல், பூர்வகுடிகளுக்கென்று கனடா அரசு போட்ட 'இந்தியன் சட்டத்தை'த் திருத்தி, 1885 ஜனவரி 1 முதல் பாட்லாட்ச் என்னும் இந்த விருந்தைக் குற்றமாக்கினார்கள். தண்டனை 2 முதல் 6 மாதச் சிறை. 1951-ல்தான் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. ஒரு சமூகத்தின் நீதிமன்றத்தையும் பதிவு அலுவலகத்தையும் பள்ளியையும் 66 ஆண்டுகள் பூட்டி வைத்ததற்குச் சமம் அது. இந்தத் தடையை வெறும் 'விழாத் தடை' என்று எழுதுவது பெரிய அநியாயம்.

அதற்கு முன்பே மிஷனரி வில்லியம் டங்கன் 1862-ல் ஏறத்தாழ 50 பேருடன் மெட்லகட்லா கிராமத்தைத் தொடங்கி, பாட்லாட்சைக் கைவிட வேண்டும் என்பதை அங்கே விதியாக்கினார். 1887-ல் அவரோடு 800-க்கும் மேற்பட்டோர் அலாஸ்காவுக்குப் போனார்கள். ஆனாலும் குலம் யாருக்கும் மறக்கவில்லை; கல்யாண விருந்து, கிறிஸ்துமஸ் விருந்து, கல் வைப்பு என்று வேறு பெயர்களில் கொடுக்கல் வாங்கல் நடந்தது. தடை சட்டப்புத்தகத்தில் இருந்தபோதே, 1945-ல் கிட்க்சன் ஊரான கிட்செகுக்லாவில் கம்பங்கள் நட்டு விருந்துகள் நடந்தன. விருந்தினராகப் போன வில்லியம் பெய்னன் நான்கு குறிப்பேடுகள் நிறைய அதை எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது பேண்ட் கவுன்சில் என்று ஒன்று இருக்கிறதே. அவர்கள் சொல்வது செல்லுமா, பரம்பரைத் தலைவர் சொல்வதா?

இரண்டுக்கும் வேர் வேறு. பேண்ட் கவுன்சில் 1876-ன் இந்தியன் சட்டத்தின் வழியில் தேர்தலில் வருவது. ரிசர்வ் (பூர்வகுடிகளுக்கென்று அரசு ஒதுக்கிய) நிலம், வீட்டுவசதி, பள்ளி, அரசுப் பணம் ஆகியவை அதன் வேலை. ரிசர்வ் என்பதோ மிகச் சிறிய துண்டு. 1880-களின் தொடக்கத்தில் பீட்டர் ஓ'ரைலி என்ற அதிகாரி அளந்து ஒதுக்கியவற்றில் பல, மீன்பிடித் துறையை ஒட்டிய சிறு நிலங்கள்தான். அதற்கு வெளியே உள்ள பரந்த காடும் ஆறும் கடலும் வீடுகளின் பெயர்களுக்கு உரியவை. அங்கே பேச வேண்டியவர் ஸ்மோகியட்.

குழாய்ப்பாதை, சுரங்கம், துறைமுகம் என்று நிறுவனங்கள் வரும்போது கவுன்சிலிடம் மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவது அடிக்கடி நடக்கும் தவறு. கையெழுத்துப் போட்டவருக்கு அந்த நிலத்தின்மீது அயாவ்க்கில் அதிகாரம் இருக்காது. சில ஊர்களில் கவுன்சிலும் தலைவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள். ஒரே ஆள் இரண்டு பொறுப்பிலும் இருப்பதும் உண்டு. அப்போது அவர் எந்தப் பொறுப்பில் பேசுகிறார் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

அரசு அட்டை வைத்திருப்பவர்தானே சிம்ஷியன்?

இங்கேதான் இரண்டு சட்டங்களும் நேருக்கு நேர் மோதின. இந்தியன் சட்டம் தகப்பன் வழியில் கணக்கு பார்த்தது. சிம்ஷியன் பெண் வெளியாரை மணந்தால் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் அரசுப் பதிவிலுள்ள பூர்வகுடி அந்தஸ்து போனது. சிம்ஷியன் ஆண் வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தால் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் அந்தஸ்து வந்தது. அயாவ்க்கின்படி முதல் பெண்ணின் பிள்ளைகள் முழு வாரிசுகள், பெரிய பெயருக்கே உரியவர்கள். இரண்டாவது குடும்பத்தின் பிள்ளைகளுக்கு யாராவது தத்தெடுக்கும்வரை குலமே இல்லை. அதாவது வாரிசை ஊரைவிட்டு வெளியேற்றிய சட்டம் அது. 1985-ல் திருத்தம் வந்து பலர் அந்தஸ்தைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் இடைப்பட்ட காலத்தில் வெளியூரில் வளர்ந்த பிள்ளைகள் மாமன் மடியில் அதாவ்க் கேட்கவில்லை. அந்த இழப்புக்குத் திருத்தம் கிடையாது.

கனடா நீதிமன்றம் இதையெல்லாம் ஏற்றுக்கொள்கிறதா?

பாதி தூரம் வந்திருக்கிறது. முக்கியமான வழக்கு அண்டை மக்களான கிட்க்சனும் வெட்சுவெட்டனும் தொடுத்த டெல்கமூக். 374 நாள் விசாரணை. மூத்த தலைவி மேரி ஜான்சன் தம் வீட்டின் துக்கப்பாட்டைப் பாட முற்பட்டபோது, நீதிபதி தமக்குப் பாட்டு கேட்கும் காது இல்லை என்று தடுக்கப் பார்த்தார். பத்திரத்தைக் காட்ட வந்தவரிடம் 'எனக்குப் படிக்க வராது' என்பதைப் போன்றது அது. 1991-ல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. 1997-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, வாய்வழி வரலாறுகளையும் எழுத்து ஆவணத்துக்குச் சமமாக எடைபோட வேண்டும் என்றது. நில உரிமையை அறிவிக்காமல் மறுவிசாரணைக்கு அனுப்பியது.

சிம்ஷியன் வழக்குகளில் ஏற்றமும் இறக்கமும் உண்டு. 2011-ல் லாக்ஸ் குவாலாம்ஸ் எல்லா மீன்களிலும் வணிக உரிமை கேட்டுத் தோற்றது. யூலகான் நெய் வணிகம் பழமையானது என்று ஏற்ற நீதிமன்றம், அதை மற்ற மீன்களுக்கு நீட்ட மறுத்தது. 2016-ல் கிட்கட்லா உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் நார்தர்ன் கேட்வே எண்ணெய்க் குழாய்க்கான அனுமதி ரத்தானது. 2023-ல் கிட்கட்லாவின் இன்னொரு வழக்கில், அவர்களைக் கேட்காமலே இணையத்தில் சுரங்க உரிமம் பதியும் முறை, கலந்து பேச வேண்டிய அரசின் கடமையை மீறியது என்று மாகாண நீதிமன்றம் சொன்னது.

அதாவ்க் நன்றாக இருக்கிறதே, நான் தமிழில் எழுதி வெளியிடலாமா?

பொதுவில் சொல்லப்படுகிறது என்பதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது. வீட்டின் அனுமதி இல்லாமல் முழு அதாவ்க்கைச் சொல்வது, இன்னொருவர் நிலத்தில் கேட்காமல் வலை வீசுவதைப் போன்ற மீறல். இந்தப் பக்கத்தில் எந்த வீட்டின் அதாவ்க்கையும் சொல்லாததற்குக் காரணம் அதுவே. யார் பதிவு செய்தார் என்று பார்ப்பதோடு நிற்காமல், எந்த வீட்டுக்குரியது என்று பார்த்து அவர்களிடம் கேட்க வேண்டும். சின்னங்களை வரைவதற்கும் இதே விதி.

அங்கே வேலை செய்கிறேன், விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள். எப்படி நடந்துகொள்வது?

நீங்களாக நாற்காலி தேடி உட்காராதீர்கள். உட்காரவைக்கும்வரை வாசலில் நில்லுங்கள். நேரம் நீளும், பெரும்பாலும் நள்ளிரவு தாண்டும். நடுவில் எழுந்து போகாதீர்கள். சாப்பாடு மிஞ்சினால் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும், விட்டுப் போகக் கூடாது. பை கொண்டு போங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

உங்கள் பெயரைச் சொல்லி ஒரு உறையோ துண்டோ நீட்டுவார்கள். 'நான் வெளியாள், எனக்கு எதற்கு' என்று மறுத்தால் நடந்ததை நீங்கள் ஏற்கவில்லை என்று பொருளாகிவிடும். வாங்கிக்கொள்ளுங்கள். அன்றிரவே யாருக்கு எந்தப் பெயர் ஏறியது, யார் எழுந்து பேசினார் என்று நினைவுபடுத்தி வையுங்கள். பத்து வருடம் கழித்து ஒருவர் வந்து 'அன்று நீங்கள் இருந்தீர்களே' என்று கேட்டால், கண்டதைக் கண்டபடி சொல்ல வேண்டியவர் நீங்கள்.